பட்டாளத்து மாமாவின் மருமகள்

மாமா,

மழை விட்டு இன்றுதான் அரவேணுவில் வெயில் வந்தது. கம்பளித் துணிகளைக் காயப்போட எடுத்தபோது உங்களுடைய குட்டை உறை கையில் வந்தது. போரில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தீர்களே, செயற்கைக்காலை மாட்டுமுன் அங்கே இழுத்துவிடும் உறை. துவைத்துத்தான் வைத்திருந்தேன். தைல வாசம் மட்டும் போகவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் உங்களைக் கண்டாலே எனக்குப் பயம். மடிப்புக் கலையாத சட்டை, அளந்த பேச்சு. போரைப் பற்றி யார் கேட்டாலும், "ஒரே குளிருங்க, வேறென்ன" என்று முடித்துவிடுவீர்கள்.

உங்கள் மகன் மாரடைப்பில் போனபோது பாப்பா கைக்குழந்தை. காரியம் முடிந்ததும் என் அண்ணன் என் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். "பொறந்த ஊட்டுல இருக்கறதுதானுங்க மொறை" என்றார் உங்கள் தம்பி. எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் சுவரைப் பிடித்து எழுந்து என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"அம்மிணி, நீ என்ன நெனைக்கற? போறியா, இருக்கறியா?"

"இருக்கறனுங்க மாமா. வேலைக்குப் போகோணும்."

"அப்பறமென்ன, பெட்டிய உள்ள வைங்க."

நான் தேயிலை ஃபாக்டரியில் சேர்ந்தேன். பாப்பாவை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். வளர்ந்ததும் அவளுக்குத் தலை பின்னியதும் நீங்கள்தான், கயிறு முறுக்குவது போல. அவள் கத்தினால், "சாயந்தரம் வரைக்கும் அவுறாது பாரு" என்று பெருமைப்படுவீர்கள். நான் வரும்போது ரசம் கொதித்துக்கொண்டிருக்கும். மிளகு எப்போதும் அதிகம். ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அந்தக் குளிரில் அது அமிர்தம்.

ஒரு மழை நாளில் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன்: "ஏனுங்க மாமா, பெட்டி அடுக்குன அன்னைக்கு ஏன் என்னையக் கேட்டீங்க?"

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ஆஸ்பத்திரியில கால எடுக்கறதா வேண்டாமான்னு எல்லாரும் என் தலைக்கு மேல பேசிட்டிருந்தாங்க. ஒரு டாக்டரம்மாதான் குனிஞ்சு என்னையக் கேட்டாங்க. நான் இன்னும் உசுரோட இருக்கறேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது."



போன ஆடியில், காலைக் காப்பியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. வெலிங்டன் ராணுவ முகாமிலிருந்து உங்கள் பட்டாளத்துக் கூட்டாளிகள் மழையில் நனைந்துகொண்டே வந்தார்கள். வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். "அம்மிணிக்கு இஷ்டம்னா அவளே கொள்ளி வெக்கட்டும்" என்று நீங்கள் முன்பே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தீர்கள். அதனால் நானும் பாப்பாவும் உங்கள் பின்னாலேயே நடந்தோம்.

உங்கள் தம்பி கொள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். அப்புறம் என்னிடம் வந்தார். "ஏம்மிணி, நீ வெக்கறியா?"

"வெக்கறனுங்க."

விறகு ஈரம். புகைதான் முதலில் எழுந்தது. கண் எரிந்தது, நான் நகரவில்லை. பற்றிக்கொண்ட பிறகுதான் அழுதேன். உங்கள் தம்பி என் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்பெல்லாம் பஸ்ஸில் யாராவது, "நீ ஆரூட்டுப் பொண்ணு?" என்று கேட்டால் என் அப்பா பெயரைத்தான் சொல்வேன். இப்போது யோசிக்கும் முன்பே உங்கள் பெயர் வாயில் வந்துவிடுகிறது, மாமா. நான் திருத்திச் சொல்வதில்லை.