பெயர் சொல்லிக் கூப்பிட

பொகவந்தலாவை
14.7.1979

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் கமலவேணி வணக்கத்துடன் எழுதுவது. இந்த மழைக்கு உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகமாகவே இருக்கிறேன். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவதும் நின்றுவிட்டது.

போன வாரம் தோட்டத்தில் கந்தப்பன் என்ற தொழிலாளி இறந்துபோனார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலாயி என்னையும் இழுத்து உட்காரவைத்தாள்.

"அவங்கவங்க வீட்ல போனவங்களுக்குத்தான் டீச்சர் எல்லாரும் அழுவோம். நீங்களும் ஒங்க வீட்டு ஐயாவக் கூப்பிட்டு அழுதுடுங்க. மனசு லேசாயிரும்."

"என்னன்னு கூப்பிடுறது?"

"உசுரோட இருக்கையில எப்படிக் கூப்புட்டீங்க?"

"இங்க பாருங்கன்னுதான்."

"காலேஜு படிச்சும் எங்கள மாதிரிதானா!" அழுகைக்கு நடுவிலும் வேலாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அப்படியே கூப்புடுங்க."

கூப்பிட்டேன் அத்தை. கடைக்குக் கிளம்பும் உங்கள் மகனிடம் குடையை எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல்தான் இருந்தது. அழுகை வரவில்லை. அவர் போய் ஒரு வருடமாகியும் வரவில்லை. இனி வருமென்றும் எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்து பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் மகனுடைய பழுப்பு ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிர் அதிகம். நீங்கள் இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம்.

தபால் கொண்டுபோகிறவர் வாசலில் நிற்கிறார். நீங்கள் பெற்ற மகனை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அழும்போது எனக்கும் சேர்த்து ஒரு தடவை கூப்பிடுங்கள்.

கமலவேணி