பெரியவர் பகா எண் இல்லையாம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் “நல்லா இருக்கேன்மா” என்பாய், அந்தப் பதில் என்னிடம் ஏற்கெனவே நிறையச் சேர்ந்து கிடக்கிறது.

போன வாரம் போனில், பெரியவர் பகா எண் இல்லையாம் என்று ஒரே மூச்சில் சொல்லி, லீவுக்கும் வரவில்லை என்று சொல்லி, போனை வைத்துவிட்டாய். பகா எண்தானா என்று நீ சோதித்துக்கொண்டிருந்த அந்த எண்ணுக்குப் பெரியவர் என்று பெயர் வைத்ததே அப்பாதான், லட்சக்கணக்கில் இலக்கம் உள்ள ஆளை அது இது என்று பேசலாமா என்பார். வருஷக்கணக்காக நீ அதோடு மல்லுக்கட்டியதைப் பார்த்தவர் அல்லவா, மனுஷனுக்கு மனசே ஆறவில்லை. வகுபடும் என்றால் எதால் வகுபடும், உன் கம்ப்யூட்டர் காட்டட்டும் பார்க்கலாம் என்று ஒரே பிடிவாதம். உன் தம்பியை நச்சரித்து எண்ணை அச்சடிக்க வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்ட உட்கார்ந்துவிட்டார், கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தாராம். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழவில்லை. கடைசியில் “ஏய், மூணால போகுதுடி! இத்தனை படிச்சவங்க இதைப் பாக்கலையே!” என்று போட்டார் ஒரு சத்தம், பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அப்போதுதான் தம்பி தலையில் அடித்துக்கொண்டு, அப்பா, அது முதல் பக்கம் மட்டும்தான் என்றான். மிச்சத்துக்கு நூற்றுக்கணக்கில் காகிதம் வேண்டுமாம். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

பிறகு தம்பிதான் உட்கார்ந்து விளக்கினான். மூன்று, ஏழு மாதிரி சின்ன எண்களையெல்லாம் நீங்கள் என்றைக்கோ பார்த்துத் தள்ளிவிட்டீர்களாம். இது வேறு சோதனையாம், நீளமாக ஒரு கணக்குப் போட்டால் பகா எண்ணுக்கு மீதி ஒன்று வர வேண்டுமாம், பெரியவருக்கு வேறு என்னமோ வந்துவிட்டதாம். அதனால் வகுபடுவது நிச்சயம், எதால் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. டைல்ஸ் போட்டே பழகிய அப்பாவுக்கு எதுவும் டைல்ஸ் கணக்கில் வந்தால்தானே புரியும். அத்தனை டைல்ஸையும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஒரு அறையில் போட்டுவிடலாம், ஒற்றை வரிசையாக இல்லை, ஒழுங்கான அறை, ஆனால் அறையின் நீள அகலம் தெரியாது, அப்படித்தானே என்றார். அளவு தெரியாமல் அறை இருக்குன்னு எவனாவது சொல்வானா என்று இன்னும் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனாலும் அந்த முதல் பக்கத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார், வகுபட்டா என்ன, அவர் நம்ம பெரியவர்தான் என்கிறார்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை கண்ணு. என் ஆஸ்பத்திரி வார்டில் தினமும் நடப்பதுதானே. தெர்மாமீட்டர் காய்ச்சல் என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது, அதற்காக ஒன்றுமில்லை போங்கள் என்று ஆளை அனுப்பிவிடுகிறோமா? உன் “நல்லா இருக்கேன்மா”வும் என் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. பெரியவர் கைவிட்ட வருத்தம் மட்டும்தானா, வேலையை நினைத்துப் பயமா, இல்லை நான் அறியாத வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. பெரியவரின் காரணியைக் கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. வெறுங்கையோடு வா. உன் கட்டிலில் குவிந்திருக்கும் தம்பியின் துணிமூட்டையை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

குறையில்லாமல் நூறு வயது இரு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய் இல்லையா, அப்போது மட்டும் “நல்லா இருக்கேன்மா” என்று ஆரம்பிக்காதே. அழுகை வந்தால் அழு. எதனால் என்று கேட்க மாட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா