துடைத்துக் கொடுத்த கண்ணாடி

ஜூலை 5, சனி

விடியும் முன்பே சாரல். கடைக்கு அரை நாள் லீவு. இசக்கியுடன் குற்றாலம் ஐந்தருவியில் எண்ணெய்க் குளியல். இசக்கி என் தங்கச்சி கோமதியின் வீட்டுக்காரன், பள்ளிக்கூட வேன் டிரைவர். அவன் பைக்கில் அவன், ஸ்கூட்டரில் நான். நல்லெண்ணெய், சீயக்காய், இரண்டு பேருக்கும் ஒரே துண்டு. என் வீட்டுக்காரி மல்லிகா எடுத்து வைத்த இன்னொன்றை மறந்து போனது நான்தான்.

தண்ணீர் நல்ல வேகம். கூட்டம் குறைவு. தோள்பட்டை வலி விட்டது.

திரும்பும்போது மூட்டம், சாரல். மேலகரம் பக்கம் இசக்கி விழுந்துவிட்டான். ரோட்டோரம் நின்ற டூரிஸ்ட் வேனின் பின்னால் போய் மோதியிருக்கிறான். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். ரொம்ப நேரமாக ஆளைக் காணோமே என்று வண்டியைத் திருப்பினால் கூட்டம்.

இடது தோள் எலும்பு முறிவு. கன்னத்தில் ஏழு தையல். தலைக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட்தான் இடது பக்கம் உள்வரை விரிசல் விட்டுவிட்டது. டாக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது இல்லையென்றால் என்னிடம் கொண்டு வந்திருக்கவே வேண்டாம் என்றார்.

அந்த ஹெல்மெட் போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது. நான் வேலை பார்க்கும் டயர் கடையில் எனக்கு ஹெல்மெட் அண்ணாச்சி என்றே பெயர். வெறுந்தலையோடு வருகிறவனுக்கு ரெண்டு வார்த்தை சொல்லாமல் பில் போட மாட்டேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அண்ணே, நீங்கதான் அவிய உயிரக் காப்பாத்திருக்கிய.”

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டு விட்டு. கறி எடுக்கவில்லை.

ஹெல்மெட் நம் வீட்டில்தான். ரத்தக்கறையைக் கழுவலாம் என்று பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டு போனேன். அதன் முகக் கண்ணாடி மேல் தண்ணீர் விட்டால் ஓடவில்லை. முத்து முத்தாக நின்றது. விரலால் தள்ளினால் வெள்ளையாக இழுவிக்கொண்டு போகிறது. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

நேற்று பார்க்கிங்கில். அவன் ஹெல்மெட்டை ஹேண்டிலில் மாட்டியிருந்தான், சாரலில் நனைந்து கிடந்தது. என்னுடையது சீட்டுக்கு அடியில் பத்திரம். மழையில் கண்ணாடி சுத்தமாக இருக்கணும் மாப்ள என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து நானே துடைத்துக் கொடுத்தேன். உள்ளும் புறமும். ஓரம் விடாமல்.

அதே துண்டு. இரண்டு பேர் தலை எண்ணெயும் உடம்பு எண்ணெயும் அதில்தான்.

பாத்திர சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு தடவை. இப்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. அழுக்கு என்பதற்காக நான் கழுவவில்லை. அது எனக்குத் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

கரண்ட் பில். மல்லிகாவுக்கு முட்டு வலி மாத்திரை.

கடையில் முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, மச்சினன் உயிரைக் காப்பாற்றியவர் என்கிறார். கதையை மூன்று முறை சொல்ல வைத்தார். நானும் சொன்னேன். செங்கோட்டைக்காரர் ஒருவர் கேட்டார், மழையில் கண்ணாடியை இறக்கினால் ஒன்றும் தெரிவதில்லை, ஏற்றிவிட்டு ஓட்டலாமா என்று. கூடவே கூடாது, சாரல் கண்ணில் ஊசியாகக் குத்தும், கண் தானாக மூடும், அந்த ஒரு நொடி போதும் என்றேன். கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் துடையுங்கள் என்றேன்.

சுத்தமான துணி. என் வாயால்.

மதியச் சோற்றைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மல்லிகா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். பொய்.

ஜூலை 10, வியாழன்

இசக்கி வீட்டுக்கு வந்துவிட்டான். சாயங்காலம் போனேன். ஆப்பிள் நான்கு, ரொட்டி, ஹார்லிக்ஸ். கைக்குக் கட்டு. கன்னம் வீங்கி ஒரு பக்கமாகச் சிரிக்கிறான். கோமதி உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னான்.

“ரோடே தெரியல மச்சான். எதுக்க வார வண்டி வெளிச்சமெல்லாம் நூல் நூலா இழுவுது. கண்ணாடியத் தூக்குனேன், அப்பவும் தெரியல. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

அவன் அப்பா கடைசி எட்டு வருஷம் பார்வையில்லாமல் இருந்து போனவர். கண் டாக்டரிடம் போவோமா என்றேன். வேண்டாமாம். தெரிந்த விஷயத்தைக் காசு கொடுத்து வேறு கேட்கணுமா என்கிறான். வேனில் பதினாலு பிள்ளைகள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இனி ஸ்டியரிங் பிடிக்க மாட்டானாம். வேன் ஓனரிடம் சொல்லப் போகிறான். கோமதிக்கு இன்னும் தெரியாது.

சொல்ல வாயெடுத்தேன். கோமதி காப்பியோடு வந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். சர்க்கரை தூக்கல்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் வெயில், பிறகு சாரல். ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றணும்.

கோமதி போன். குரல் சரியில்லை. அவன் வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறானாம். சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படி வரை, அங்கிருந்து கக்கூஸ் வரை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சும்மா பழகுதேன் என்றானாம். சின்ன மகள் விளையாட்டு என்று நினைத்து அவளும் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போகிறாளாம்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை:
எலும்பு கூடட்டும் என்று.
கோமதி என்ன நினைப்பாள் என்று.
துடைத்ததனால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று.
ஹெல்மெட் அண்ணாச்சி என்ற பெயர் போய்விடுமே என்று.

கடைசிதான் நிஜம். மற்றதெல்லாம் சால்ஜாப்பு. மனுஷனா நான்.

ஜூலை 14, திங்கள்

கடையிலிருந்து நேரே இசக்கி வீட்டுக்கு. ஹெல்மெட்டையும் எடுத்துப் போனேன். கோமதி அடுப்படியில். வாசல் தகரக் கொட்டகைக்கு அவனைக் கூட்டிப் போய்ச் சொன்னேன். துண்டு, எண்ணெய், கண்ணாடியைத் தூக்கியபோது கண்ணை மூட வைத்த சாரல், நான் கழுவியது, எல்லாம்.

அவன் நம்பவில்லை. கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். பளிங்காக இருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தான். “எனக்காவ பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்காதிய மச்சான். எனக்கு மனசு தேறிட்டு.”

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய், கோமதியிடம் தலைக்கு என்று சொல்லி உள்ளங்கையில் நல்லெண்ணெய் வாங்கி வந்தேன். தோளில் கிடந்த துண்டில் தேய்த்தேன். அன்று துடைத்த மாதிரியே ஓரம் விடாமல் துடைத்து, சாரலில் நீட்டி, அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். தெருவில் ஆட்டோ ஒன்று லைட் போட்டு வந்தது.

ஆட்டோ போன பிறகும் அவன் முகத்தை எடுக்கவில்லை. பிறகு நல்ல கையால் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு வெறுங்கண்ணால் தெருவைப் பார்த்தான். எதிர்வீட்டு போர்டை வாய்க்குள் எழுத்தெழுத்தாகப் படித்தான். திரும்ப முதலிலிருந்து படித்தான்.

திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை.

“காலைலதான் வேன் சாவியக் குடுத்துட்டு வந்தேன் மச்சான். மத்தியானமே வேற ஆளப் போட்டுட்டாவ.”

நான் போய் ஓனரிடம் பேசுகிறேன் என்றேன். கோமதியிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கு மட்டும் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

“அவட்ட சொல்லாதிய. பொறந்த வீட்டுல அவளுக்கு இருக்கது நீங்க ஒருத்தர்தான்.”

கோமதி சாப்பிடக் கூப்பிட்டாள். தோசை, தேங்காய்ச் சட்னி. போதும் என்று கையை வைத்து மறைத்தேன். கையை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு வைத்தாள். எங்க வீட்டு விளக்க அணையாமக் காத்த அண்ணன், ஒழுங்காச் சாப்பிட வேண்டாமா என்றாள். இசக்கி எதிரில் உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டேன். இரண்டையும்.