டைனோ சார் என்ன நிறம், நைனா?

நைனா,

இன்று காலை அம்மா கிணற்றடியில் வாளித் தண்ணீரில் நீலம் கரைத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, "டைனோ சார் தண்ணி" என்றாள். என் பள்ளிக்கூடச் சட்டையை முக்கப் போன அம்மாவின் கை அப்படியே நின்றது. சட்டை முங்கவில்லை, நான் முங்கிவிட்டேன்.

டைனோ சார் படத்தை நீதான் கொண்டுவந்தாய். மெட்ராசுக்கு நெல் மூட்டை லாரி ஓட்டிப்போனபோது, அங்கே ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து தங்கச்சிக்காக வாங்கிவந்த வண்ணம் தீட்டும் தாள். கோடு மட்டும் போட்ட பெரிய மிருகம். கீழே இங்கிலீஷில் சில வரிகள். என்னைப் படிக்கச் சொன்னாய். "டைனோசார்" என்றேன்.

"எந்த ஸ்கூல் சாருடா இவுரு?"

"எங்க ஸ்கூலுதான். ஒடம்பு மலையாட்டம், மூளை பட்டாணியாட்டம். கணக்கு எடுக்கிறாரு."

நீ சிரித்த சிரிப்பில் தங்கச்சி உன் மடியிலிருந்து உருண்டாள். இலை தழைதான் தின்னும், முட்டை போடும் என்று மேலே படித்தேன். "அந்த முட்டைல ஒரு ஆம்லெட் போட்டா நம்ம எளாவூரே நாஷ்டா துன்னுட்டுப் போவும்" என்றாய். கடைசி வரிக்குத்தான் சிரிப்பு அடங்கிற்று. கிடைத்தது எலும்பு மட்டுமே, அதனால் இதன் நிறம் யாருக்கும் தெரியாது, பிடித்ததைப் பூசிக்கொள்.

"தெரியாதுன்னு அச்சடிச்சே குடுத்துக்கிறான் பாரு. யோக்கியன்டா அவன்."

வீட்டில் பெயிண்ட் ஏது? வயிற்றுக்கு மஞ்சள் தூள், முதுகுக்குத் துணிக்குப் போடும் நீலம். குச்சியைத் தூர எறிந்துவிட்டு ஆள்காட்டி விரலாலேயே இழுத்தாய். வால் மட்டும் பாக்கி. "வந்து முடிச்சிடலாம், கண்ணு" என்று லாரி எடுக்கக் கிளம்பினாய். சூலூர்பேட்டை தாண்டி வண்டி கவிழ்ந்தது.

உன்னை மூடித்தான் கொண்டுவந்தார்கள். தங்கச்சிக்குக் காட்டவில்லை. துணிக்கு வெளியே ஒரு கை தெரிந்தது. ஆள்காட்டி விரல் நகத்தோரம் நீலம்.

வருஷம் திரும்பப்போகிறது. உன் போட்டோ ஒன்றுகூட இல்லை. கேட்டபோதெல்லாம், "எதுர்லயே குந்திக்கினு கீறேன், போட்டோ எதுக்கு?" என்றாய்.

இன்று அந்தத் தாளை எடுத்துவந்து தங்கச்சி கேட்டாள்: "நைனா இன்னா கலருண்ணா?"

எனக்கு எதற்கும் பதில் நாக்கு நுனியில் நிற்கும், உனக்குத் தெரியுமே. டைனோவுக்கு நைனா எதுகை என்று தொடங்கி எதையாவது அளந்திருப்பேன். சிரித்திருப்பாள். நம்பியும் இருப்பாள். நான் பூசுகிற நிறம்தான் இனி அவளுக்கு நீ. அதுதான் பயமாக இருந்தது. உன் மீசையில் நரை இடப்பக்கமா, வலப்பக்கமா? கண் கறுப்பா, பழுப்பா? தினம் பார்த்த முகம். அடித்துச் சொல்ல முடியவில்லை. அம்மாவைக் கேட்கலாம். அவள் இன்னும் அந்தச் சட்டையைப் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

"தெரியலடி" என்றேன். "வெரலு மட்டும் நீலம். அது நல்லாத் தெரியும்."

அவள் நீலப் பொட்டலத்தில் விரலைத் தோய்த்தாள். வாலை முடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் ஆள்காட்டி விரலை இழுத்து நகத்தில் தடவினாள்.

"இப்பிடியா?"

"இன்னும் கொஞ்சம் ஓரமா."

அந்த விரலைக் கழுவாமல்தான் பேனா பிடித்திருக்கிறேன், நைனா.