பதிவேட்டில் எழுதாத புத்தகம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சௌக்கியம், அவள் முழங்கால் வலி மட்டும் அவளைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது. பேரனுக்குச் சளி விட்டதா?

தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது என் பழைய தோல்பை கிடைத்தது, உள்ளே நூலக முத்திரையோடு ஒரு பழைய அகராதி. இருபத்தெட்டு வருஷமாகக் காணாத புத்தகம். ஏணி மாமாவை மறந்திருக்க மாட்டாய், ஏணியில் ஏறி அடுக்கிலிருந்து புத்தகம் எடுத்துத் தருவாரே, அந்த ஊழியர். அவர் பொறுப்பில் இருந்த அந்த அகராதியைக் காணோம் என்றதும் எல்லார் முன்னாலும் கை சுத்தமில்லாதவன் என்று சொல்லி, அவரை வாசலில் பை சோதிக்கும் வேலைக்கு மாற்றினேன். ஓய்வு பெறும்வரை பதினோரு வருஷம் அவர் அங்கேயேதான். ஒழுகுகிற இரண்டு அறையில் தொடங்கி தேசியப் பல்கலைக்கழகத்துக்கே நூலகம் உண்டாக்கிய பெரிய மனுஷன், என் நூலகம்தானே என்று பதிவேட்டில் எழுதாமல் தூக்கிவந்து மறந்திருக்கிறேன். எழுதாமல் யாரும் எடுக்கக் கூடாது என்று விதி போட்டவனும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசமா என்று அம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல் கேட்டாள்.

இப்போதைய நூலகரிடம் போனேன். விடுங்க ஐயா, சத்தமில்லாம அடுக்குல வச்சிடலாம், அடுத்த மாசம் உங்க படம் திறக்கிற நேரத்துல இது எதுக்கு என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் அதுதான் நல்லது என்று பட்டது, அதை நினைத்தால் உடம்பே கூசுகிறது. நேற்று ஏணி மாமா வீட்டுக்குப் போனேன். அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார், தன் வீட்டிலேயே நான் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்து, அட்டை விட்டுப்போச்சே, ஒட்டணும் என்றார். அப்புறம், நீங்க பையில வச்சதை அன்னைக்கே பாத்தேன் ஐயா, நாளைக்குக் கொண்டு வந்துடுவீங்கன்னு இருந்தேன் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏன் வாய் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை, சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

விழா மேடையில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவரையும் கூப்பிட்டேன், முதல்ல இந்த அட்டையை ஒட்டிடறேன் ஐயா என்றார். மற்றவர் வாயால் கேட்கும் முன் நீ என்னிடமிருந்து தெரிந்துகொள். அன்றைக்கு ஒன்பது வயதில் நீ, மாமா எடுக்கலப்பா என்று அழுதாய், உனக்கு என்ன தெரியும் என்று அதட்டி உள்ளே அனுப்பினேன். வீட்டில் உனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

குடும்பத்தோடு நீடூழி வாழ்க. பேரனுக்கு முத்தம். மாமாவின் முகவரி பின்பக்கம் இருக்கிறது, நாலு வரி எழுது, என் சார்பாக வேண்டாம், உன் சார்பாக.

தலைகுனிவோடு,
அப்பா