கோணிச்சாக்குத் துரை

ரப்பர் எஸ்டேட்டிலிருந்து, 1951

நம் மகளின் அம்மாவுக்கு,

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாளா? இந்த மாதம் இங்கே வர வேண்டாம். ஜாசினில் உன் அம்மா வீட்டிலேயே இரு. பெரிய காரணம் ஒன்றுமில்லை.

சாயங்காலங்களில் தனக்குப் பதிலாக உட்கார வைக்கத் துரை ஒரு பொம்மை கேட்டார் என்று எழுதியிருந்தேனே, அதை முடித்துவிட்டேன். கோணிச்சாக்கில் உடம்பு, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலில் முகம், பால்டின்னை நறுக்கி மூக்குக்கண்ணாடி. வயிற்றுக்குள் உன் கிழிந்த சிவப்புச் சேலையைத் திணித்தேன், கோபிக்காதே. பங்களா வராந்தாவில் வைத்ததும் துரையின் நாயே அதன் காலடியில் போய்ப் படுத்தது.

செவ்வாய்க்கிழமை, துரைமாரைச் சுடக் காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்கள் அதன் நெஞ்சில் மூன்று முறை சுட்டார்கள். உள்ளே இருந்த துரை பிறகு சிரித்தபடி வந்து என் கையைக் குலுக்கினார். பொம்மையைக் குப்பைக்குழியில் போட்டார்கள்.

மறுநாள் கங்காணி என்னைத் தனியே கூப்பிட்டார். "பொம்மையச் செஞ்சது யாருன்னு அவனுங்க விசாரிக்கிறானுங்களாம். பார்த்து இரு லா."

நேற்று நான் பால் வெட்டும் முதல் மரத்தில் உன் சிவப்புச் சேலைத் துண்டு கட்டியிருந்தது.

அதனால் இன்னொரு பொம்மை செய்தேன். நீ தைத்த நீலச்சட்டையைப் போட்டு நம் வாசலில் உட்கார வைத்திருக்கிறேன். முகம் நன்றாகவே அமைந்துவிட்டது.

என் பேச்சை மீறி நீ வந்தால், வாசலில் என்னைக் கண்டதும் ஓடி வராதே. தூரத்தில் நின்று கூப்பிடு. பதில் வராவிட்டால் பிள்ளையோடு திரும்பிப் போய்விடு. அது பொம்மையா நானா என்று கிட்டே வந்து பார்க்காதே.

இப்படிக்கு,
அவள் அப்பா