மூன்று முறை அழைத்தும் வரவில்லை

அனுப்புநர்
பணி ஓய்வு பெற்ற நீதிமன்ற டவாலி,
தங்கள் பட்டியலில் சாட்சி எண் 14.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
உச்ச நீதிமன்ற நீதிபதி நியமன விசாரணைக் குழு.

பொருள்: நியமனத்துக்கு முன்மொழியப்பட்ட நீதிபதியின் உறுதிமொழியில் உள்ள பொய் குறித்தும், நான் வரவில்லை எனக் குறிக்கப்பட்டது குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நீதிமன்ற வாசலில் நின்று வழக்காட வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் முப்பத்தொரு வருடம் என் வேலை. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால்தான் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். நான் கூப்பிட்டால் எதிர்ப்பக்க டீக்கடையில் இருப்பவரும் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார். பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

2. அந்த நீதிபதியிடம் குடும்ப நீதிமன்றத்தில் நான்கு வருடம் இருந்தேன். யாரையும் கடிந்து பேச மாட்டார். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே விடுப்பு கொடுத்தவர். அவர் மேல் எனக்கு வஞ்சம் இல்லை. ஆனால் மாதக் கடைசி வந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. முடித்த வழக்குகளின் எண்ணிக்கை மேலிடத்துக்குப் போக வேண்டும். அந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் இன்று அவரைப் புகழ்கிறார்கள்.

3. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், அப்படியொரு மாதக் கடைசியில், நான்கு வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்ட ஒரு தையல்காரப் பெண்ணின் வழக்கு வந்தது. அவர் ஒன்பது மணியிலிருந்தே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகளுக்குத் தைத்த கவுன் மடியில் இருந்தது. அவர் பெயரைக் கூப்பிட நான் வாசலுக்குத் திரும்பினேன். நீதிபதி கையமர்த்தினார்.

"வேண்டாம். மூணு தடவை கூப்பிட்டாச்சுன்னு எழுதிக்கோ."

அழைப்புப் பதிவேட்டில் அப்படியே எழுதினேன். வழக்கு தள்ளுபடியானது.

4. வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி அந்தப் பெண் மனுப் போட்டார். நீதிபதி என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டார். "கூப்பிட்டேன் ஐயா" என்றேன். என் குரல் ஊரறிந்தது. அதனால் அந்தப் பெண்ணை யாரும் நம்பவில்லை. தகப்பன் குழந்தையோடு கண்காணாமல் போய்விட்டான். அந்தப் பொய்யில் என் பங்குக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

5. தங்கள் குழுவின் பதினோராம் கேள்விக்கு நீதிபதி, வந்திருந்தவரை விசாரிக்காமல் எந்த வழக்கையும் தான் முடித்ததில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். செய்தித்தாளில் அதைப் படித்த அன்றே தையல்காரரைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டவர், "இதை அங்க வந்து சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

6. இன்று காலை எட்டரையிலிருந்து அவரும் நானும் தங்கள் அறைக்கு வெளியே இருக்கிறோம். கழிப்பறைக்குக்கூட ஒருவர் மாற்றி ஒருவர்தான் போனோம். பதின்மூன்றாம் சாட்சி வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று மணிக்கு எழுத்தர் பலகையில் ஒட்டிய தாளில் என் எண்ணுக்கு நேரே "மூன்று முறை அழைத்தும் வரவில்லை" என்று இருக்கிறது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும் ஐயா. கூப்பிடாமலே எழுதுவது எப்படி என்பதும் நன்றாகத் தெரியும். தாளைப் படித்த தையல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதிலும் எனக்குப் பங்குண்டோ என்று சந்தேகப்படுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

7. ஐந்து மணிக்கு வாக்கெடுப்பு என்கிறார்கள். அதற்குள் அந்தக் குறிப்பை நீக்கி எங்களை விசாரிக்க வேண்டும். ஒருவருக்குத்தான் நேரம் உண்டென்றால் என்னை விட்டுவிடுங்கள், அவரைக் கேளுங்கள்.

நாலே முக்கால் வரை கதவு திறக்காவிட்டால், நான் எழுந்து நின்று, பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கூப்பிட்டிருக்க வேண்டிய பெயரை மூன்று முறை கூப்பிடுவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்கூட்டித் தெரிவிப்பது மரியாதை என்பதால் எழுதுகிறேன். தங்கள் அறைக் கதவு ஒன்றும் அவ்வளவு கனமானதில்லை.

பணிவுடன்,
(ஒப்பம்)
சாட்சி எண் 14, வந்திருக்கிறேன்.

இடம்: விசாரணை அறை வாசல் பெஞ்சு
நாள்: விசாரணையின் கடைசி நாள், பிற்பகல் 3.40